பூனைக்கு எழுதிய பத்தியம்

அன்று மேசைத் தராசைச் சுற்றி நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர். அவர் தராசுக்கு முதுகைக் காட்டி நின்றார், அது அவர் வழக்கம். கம்பவுண்டர் நாயுடு, கையில் மூக்குப்பொடி டப்பாவோடு. காதர். ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி மாமி, வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான். தராசுத் தட்டில் துரை. துரை என்பது பூனை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் பென்ஷன் விஷயமாகத் திருச்சியில் நான் வேலை பார்த்த மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் ஒரு பாக்கெட்டைக் காட்டினார்கள். பூனைக்குத் தீனியாம். சிறுநீரகத்துக்கு ஒன்று, கல்லடைப்புக்கு ஒன்று, உடம்பு இளைக்க ஒன்று என்று தனித்தனியாக வருகிறதாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாமாம். ஏதோ ஒரு வீட்டுப் பூனை அதை மோந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறது, உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் கேட்டாள். "தாத்தா, காதர் பாய்னு ஒருத்தர் இங்க இருந்தாராமே. அவர் தொட்டா எந்த மிருகமும் சாப்பிடுமாமே, நிஜமா?"

நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். துரையைச் சாப்பிட வைத்தது காதர் இல்லை.

நான் துறையூர்ப் பக்கம். மூன்றாம் வகுப்போடு சரி. ஐம்பதுகளின் நடுவில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். முதலில் சாணி அள்ளினேன், கொட்டில் கழுவினேன். பிறகு கட்டுப் போடவும் ஊசியைக் கொதிக்க வைக்கவும் மாட்டைக் கயிறு கட்டிச் சாய்க்கவும் கற்றேன். அவ்வளவுதான் என் படிப்பு.

எனக்குப் பின்னால் காதர் வந்தான். திருச்சி டவுன்காரன். அவன் மாமாவுக்குக் கறிக்கடை. வந்த அன்றே என்னை அண்ணே என்றான். கம்பவுண்டரை மாமு என்றான். அவர் ஒருவரிடமும் சிரிக்காதவர், அவனிடம் சிரித்தார். மிருகங்களும் அப்படித்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஜட்கா வண்டிக் குதிரை ஒன்று, லாடம் பார்க்க யார் கிட்டே போனாலும் கடிக்கும். காதர் அதன் காதில் ஏதோ சொன்னான். அது காலைத் தூக்கிக் கொடுத்தது.

மருங்காபுரியிலிருந்து ஒருவர் உழவு மாட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். குளம்பில் ஆணி. கயிறு கட்டிச் சாய்க்கும்போது விலாவில் உதை வாங்கினேன். விழுந்து எழுந்து பார்த்தால், மாட்டின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு காதர் நிற்கிறான். மாடு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் ஆணியை எடுத்தார். போகும்போது அந்த மனிதர் ஒரு பை நிலக்கடலையைக் காதர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உதை எனக்கு, கடலை அவனுக்கு. அவன் பாதியை எனக்கு நீட்டினான். நான் வாங்கவில்லை.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எந்த மிருகம் வந்தாலும் என்ன உடம்புக்கு என்று கேட்க மாட்டார். "என்ன சாப்பிடுது?" என்றுதான் ஆரம்பிப்பார். பதில் முடியும்வரை தொட மாட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, புறங்கையை அதன் மூக்குக்கு நேராக நீட்டி, அது மோந்து முடிக்கும்வரை நிற்பார். நல்ல பாம்பு வந்தாலும் அப்படித்தான் செய்வார் என்று காதர் சொல்வான்.

எடை பார்க்கும்போது மட்டும் திரும்பி நின்றுகொள்வார். ஒரு தடவை நாயுடு காரணம் கேட்டார். "நான் பார்த்தா எனக்கு வேணுங்கிற எடைதான் தெரியும். மத்தவங்க பார்த்துச் சொன்னா உள்ளது தெரியும்" என்றார். அதனால் மிருகத்தை நான் பிடித்துக்கொள்வேன். டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "காதர், எவ்வளவு?" என்பார். காதர் சொல்வான். அவனுக்குக் கணீரென்ற குரல். நான் முன்னால் சேர்ந்தவன். ஒரு தடவைகூட "சின்னசாமி, எவ்வளவு?" என்று அவர் கேட்டதில்லை.

கடைகளில் கிலோ வந்துவிட்ட சமயம். எங்கள் தராசு இன்னும் ராத்தலில்தான் இருந்தது. அப்போதுதான் மாமி துரையைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார்.

வெள்ளைப் பூனை. எலும்பு தெரிந்தது. முதுகில் முடி கொத்தாகக் கையோடு வந்தது. பொழுது சாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்கிறது என்றார் மாமி. அவர் வீட்டுக்காரர் ஏதோ ஆபீசில் கிளார்க். பிள்ளை கிடையாது. கண் திறக்காத குட்டியாகக் கிணற்றடியில் கிடந்ததை எடுத்து வளர்த்தாராம்.

"என்ன சாப்பிடுது?"

"தயிர் சாதம்தான். சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் நக்கும்."

"எலி?"

"கண்டா ஒதுங்கிண்டு வழி விடும்."

காதர் சிரிப்பை அடக்க வெளியே போனான். டாக்டர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். துரை மோந்தது. கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்து எழுதினார். நாயுடு வாங்கிப் பார்த்துவிட்டு முழித்தார். சீட்டில் மருந்து எதுவும் இல்லை. ஆட்டு ஈரல் கொஞ்சம், முட்டை, வேகவைத்த முள்ளில்லாத மீன் என்று இருந்தது.

மாமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எங்காத்துல எப்படி என்று மட்டும் கேட்டார். டாக்டர் அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். பூனை உடம்பு அப்படிப்பட்டது, தயிர் சாதத்தில் அதற்கு வேண்டிய சத்து இல்லை, கண்தான் முதலில் போகும், பிறகு உயிர். இங்கே விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பழக்குகிறோம். ஏழு ராத்தல் வந்தால் கூட்டிக்கொண்டு போகலாம். அன்று துரை ஐந்தரை ராத்தல். சொன்னது காதர்.

டாக்டர் பூனையைக் காதரிடம் கொடுத்தார். கூண்டு கழுவுவது எனக்கு.

துரை காதரின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. சுகத்தில் அது குறுகுறுத்த சத்தத்தில் அவன் வேட்டியே அதிர்ந்தது. ஆனால் சாப்பிடவில்லை. காதர் மாமா கடையிலிருந்து நல்ல ஈரலாகக் கொண்டுவந்து, வேகவைத்து, பூப்போல உதிர்த்து, வாயருகே வைத்துக் கெஞ்சினான். தலையைத் திருப்பிக்கொண்டது. முட்டை கொடுத்தான், மீன் கொடுத்தான். மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தட்டைச் சுற்றிக் காலால் பறண்டியது. மாமி தினம் ஸ்ரீரங்கத்திலிருந்து தூக்கில் தயிர் சாதம் கொண்டுவந்தார். அதையும் தொடவில்லை. மாமி அழுதார்.

டாக்டருக்குக் கவலை வந்துவிட்டது. மாடு பட்டினி தாங்கும், பூனை தாங்காது, பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் பிராணி இல்லை இது என்றார். எடை பார்த்தோம். ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தது. காதரின் குரல்கூடக் கணீரென்று வரவில்லை.

அப்போது டாக்டர் என்னைப் பார்த்தார். "நீ அவங்க வீட்டுக்குப் போ. சோறு வடிக்கிறதிலிருந்து பூனை முன்னால வைக்கிற வரைக்கும் என்னென்ன நடக்குதோ எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு. எது முக்கியம், எது இல்லைன்னு நீ முடிவு பண்ணாதே."

காதரை ஏன் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். பூனைக்கு மடி வேண்டும், மடி இங்கே இருக்க வேண்டும்.

சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டிப் போனேன். மாமி கொல்லை வழியாக வரச் சொன்னார். கதவருகே நின்று பார்த்தேன். சாதம் வடித்தார். ஆறவிட்டுத் தயிரும் உப்பும் போட்டுப் பிசைந்தார். மூடி எடுத்துக்கொண்டு போய்ப் பெருமாள் முன்னால் வைத்தார். தீர்த்தத்தைச் சுற்றினார். செடியில் பறித்து வைத்திருந்த துளசியை மேலே வைத்தார். திரையை இழுத்தார். மணி அடித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை விலக்கினார். அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொல்லைத் தாழ்வாரத்தில் இலையில் வைத்தார். பூனை இல்லாதது அப்போதுதான் நினைவு வந்தது போல. இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரிக்கு இதைத்தானே கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"சிவசிவா, இல்ல. அது தனியா வடிச்சது. பெருமாள் அமுது செஞ்ச சாதத்தை, ரத்தமும் மாமிசமும் இருக்கற எடத்துக்கு எப்படிக் கொண்டு வருவேன்?" என்றவர், சிவசிவா என்று சொன்னதற்காக வாயில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சாம்.

திரும்பி வந்து ஒன்று விடாமல் சொன்னேன். காதர் குறுக்கே விழுந்தான். "மணிதான் சார். மணிச் சத்தம் கேட்டாத்தான் அதுக்குப் பசிக்கும்." கொட்டிலுக்கு ஓடி ஒரு மாட்டுமணியைக் கழற்றி வந்து துரையின் தலைக்கு மேல் ஆட்டினான். துரை மருந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அதை வெளியே எடுக்கப் படாத பாடு பட்டோம். எனக்கு அன்று மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

டாக்டர் சொன்னார், "பூனை காதால சாப்பிடாது காதர். மூக்கால சாப்பிடும்." என்னிடம் திரும்பினார். "சாதத்து மேல என்ன வச்சாங்கன்னு சொன்னே?"

"துளசி சார்."

"இங்க கொண்டு வந்ததுல துளசி இருந்துதா?"

இல்லை. இருந்திருக்காது. தனியாக வடித்ததில் துளசி எதற்கு.

சத்திரத்துப் பூக்காரியிடம் துளசி வாங்கிவந்தேன். டாக்டர் அதை என் கையில் கசக்கச் சொன்னார். அந்தக் கையால் தயிர் சாதம் பிசைந்து வைத்தேன். துரை வந்தது. மோந்தது. தட்டைக் காலி செய்தது.

காதர் கையைத் தட்டினான். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். இனிமேல் நீதான் கொடுக்க வேண்டும் என்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது. உடனே காரணத்தையும் சொன்னார்.

"காதர் கொஞ்சுவான். கெஞ்சுவான். கெஞ்சினா பூனைக்குச் சந்தேகம் வந்துடும். நீ அப்படியெல்லாம் செய்ய மாட்டே. வச்சுட்டு உன் பாட்டுக்குப் போயிடுவே."

அது புகழ்ச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்ன முறை இது. இப்போது உள்ள பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், பாக்கெட் தீனிக்கும் இது பொருந்தும். முதலில் பழைய சாப்பாடு மட்டும், பழைய வாசத்தோடு. அது நிலைத்த பிறகு, ஈரல் வேகவைத்த தண்ணீர் ஒரு சொட்டு. பிறகு ஈரல், நகக்கண் அளவு, மசித்து. பூனைக்குத் தெரியாத அளவு. நிமிர்ந்து பார்த்து யோசித்தால் அடுத்த வேளை அளவைக் கூட்டாதே. விலகிப் போனால் முந்தின அளவுக்குத் திரும்பு. சாப்பாடு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஆறினால் வாசம் போய்விடும். தட்டை வைத்ததும் முதுகைத் திருப்பு. கொஞ்ச நேரத்தில் தட்டை எடுத்துவிடு, தின்றாலும் தின்னாவிட்டாலும். ஈரல் ஏற ஏறச் சாதம் குறையும். துளசி மட்டும் கடைசிவரை குறையக் கூடாது. கடைசியில் அதையும் குறை.

துளசியை ஈரலோடு சேர்ப்பதை மாமியிடம் மறைக்கக் கூடாது என்றார் டாக்டர். நானே சொன்னேன். மாமி காதைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார், "கடைத் துளசிதானே?" ஆமாம் என்றேன். "நான் பறிச்சது இல்ல. நீங்க என்ன பண்றேளோ, நான் பாக்கல."

ஈரல் காதர் கொண்டுவருவான். மசிப்பதும் பிசைவதும் நான். துரை என் காலடி கேட்டால் கூண்டுக்குள் எழுந்து நிற்கும். கையை மோந்து பார்க்கும். தின்றுமுடித்து வாயை நக்கிக்கொண்டு, நேராக நடந்துபோய்க் காதர் மடியில் ஏறிப் படுக்கும். ஒரு நாளும் தவறாது. தின்பது என்னிடம், தூங்குவது அவனிடம்.

ஒரு நாள் தட்டை எடுத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். துரை என் முட்டியைச் சுற்றிக்கொண்டு போனது. காதர் பார்த்துவிட்டான்.

"அண்ணே, உங்க மடி கல்லுத் திண்ணையாட்டம் இருக்கும்னு அதுக்குத் தெரியுது. கொஞ்சம் சிரிங்களேன். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பசி போயிடுது."

நாயுடுகூடச் சிரித்தார். நான் தட்டைக் கழுவப் போனேன். ஒரே தட்டை எத்தனை தரம் கழுவினேனோ.

நடுவில் ஒரு சறுக்கல். கறிக்கடைகள் மூடியிருந்த நாளில் காதர் எங்கேயோ கோழி ஈரல் வாங்கிவந்தான். இரண்டும் ஈரல்தானே என்று நாயுடு சொன்னார். டாக்டர் அன்று வெளியூர். நான் பிசைந்து வைத்தேன். துரை ஒரு வாய் வைத்தது. கீழே துப்பியது. பிறகு துளசி வாசம் வந்தாலே பின்வாங்க ஆரம்பித்தது. வெறும் தயிர் சாதம், துளசியோடு, அதுவும் வேண்டாம் என்றது. ஏறிய எடையெல்லாம் இறங்கியது. டாக்டர் வந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை. "முதல்லேருந்து" என்றார்.

அந்தச் சமயம் மாமி வந்து கூண்டின் முன்னால் உட்கார்ந்தார். வெளியே விட்டதும் துரை அவரிடம் போனது. மோந்தது. அங்கிருந்து திரும்பிக் காதரிடம் போய்ப் படுத்தது. மாமி முகம் எப்படி மாறியது என்று நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். துரை ஒரு வேளை முழுக்கத் தொடவில்லை. அடுத்த வேளை தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். டாக்டர் எடைக்கு நிற்பதுபோல. பின்னால் நக்கும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

சொட்டிலிருந்து நகக்கண், நகக்கண்ணிலிருந்து பாக்கு, பாக்கிலிருந்து எலுமிச்சங்காய் என்று ஈரல் ஏறியது. முட்டை சேர்ந்தது. முடி முளைத்தது. இருட்டில் முட்டிக்கொள்வது நின்றது. துளசியைக் குறைத்தேன். அது தேடவில்லை.

இனித்தான் தராசு. துரை கூண்டிலிருந்து தானாக வந்து தட்டில் ஏறி நின்றது. யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் திரும்பிக்கொண்டார். ஏழு வந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏழு வந்தால் துரை எங்கே போகும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆயுசு பூராவும் ஈரல் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமி வீட்டு அடுப்பில் அது வேகாது.

எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. என் வீடு திருவானைக்காவலில். நானும் என் சம்சாரமும்தான். ஈரல் வேகவைக்கலாம். துரையை எனக்குத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

காதர் கேட்டுவிட்டான். "மாமி, எங்க வீட்டுக்குக் குடுத்துடுங்க. எங்க அம்மாவுக்குப் பூனைன்னா உசுரு. ஈரலுக்கும் பஞ்சமில்ல. நீங்க எப்ப வேணா வந்து பாருங்க, அல்லா மேல ஆணையா ராஜா மாதிரி வச்சுக்குவோம்."

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டான். நான் தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான் வந்தது.

மாமி துரையைப் பார்த்தார். பிறகு காதரைப் பார்த்தார்.

"நீங்க நல்லவர். உங்காத்துல அது சுகமா இருக்கும். அதான் தரமாட்டேன். உங்க மடில அது தூங்கறதப் பாத்ததுலேருந்து எனக்குச் சாதம் எறங்கல. ராத்திரி எழுந்து உக்காந்துண்டிருக்கேன். உங்களுக்குக் குடுத்தேன்னா, அது என்னை மறந்தே போயிடும்."



மாமி என் பக்கம் விரலை நீட்டினார். "இவர் கொண்டு வந்து போடட்டும். சாயங்காலம் கொல்லைக் கதவுக்கு வெளில, சந்துல. நான் கதவைச் சாத்திண்டு உள்ள இருந்துக்கறேன். காலைல தயிர் சாதம் என் கைல சாப்பிடட்டும். இவரானாப் பரவாயில்ல. இவர் கைல சாப்பிடறதே தவிர, இவர்கிட்ட அதுக்கு ஒட்டுதல் கெடையாது."

நாயுடு மூக்குப்பொடியை எடுத்தார், போடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சரிம்மா என்றேன்.

டாக்டர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். காலையில் கொஞ்சம் தயிர் சாதம், சாயங்காலம் முழுச் சாப்பாடு, அப்படியானால் தாங்கும் என்றார். பிறகு, "இனிமே இது சின்னசாமி பொறுப்பு. அப்ப அவன்தான் பாத்துச் சொல்லணும். சின்னசாமி, எவ்வளவு?"

காதர் தராசின் முன்னாலிருந்து விலகி எனக்கு இடம் விட்டான். முள் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு துரை நெடுநாள் இருந்தது. தினம் காதர் கொடுக்கும் ஈரலை என் சம்சாரம் வேகவைப்பாள். நான் சந்தில் இலை போட்டு வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பேன். தின்று முடித்ததும் கதவு திறக்கும், துரை உள்ளே போகும், கதவு சாத்தும். ஒரு தடவைகூட என் காலில் உரசியது கிடையாது. காதர் எனக்கு முன்னால் டிரஸ்ஸராகப் பதவி உயர்ந்தான். பெயரும் அவனுக்குத்தான் நிலைத்தது. நல்லவன். போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனாலும் அந்தப் பெண் அவன் பெயரைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

அன்று தராசில் முள் நின்றது. குனிந்து பார்த்தேன். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

ஏழேகால் ராத்தல்.